வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையில் ஒரு காதுகுத்து. என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பரின் பேத்திக்கு. குழந்தைக்குப் பதினோரு மாதம். தாய்மாமன் மடியில் வீரிட்டு அழுத குழந்தையைத் தாத்தாதான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தை இரண்டு சுற்று சுற்றினார். அந்த இரண்டு சுற்றில் நான்கு முறை இருமினார். இரண்டு கையிலும் குழந்தை இருந்ததால் கைக்குட்டையை எடுக்க முடியவில்லை. குழந்தையின் தலைக்கு மேலேயே இருமினார்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டேன்.

"எத்தனை நாளா இந்த இருமல்?"

"தீபாவளியிலேர்ந்து இருக்கு. பனி. ஒண்ணுமில்ல."

தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. "சளி டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா எனக்கு டி.பி.ன்றியா நீ?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். எதிர்ப்பந்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்று அவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ஆறு வருடமாக எழுதாமல் வைத்திருந்த விஷயம். மகனிடமும் மருமகளிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2019 கோடை. என் பேரனுக்கு ஒன்றரை வயது. மாசி மாதத்திலிருந்தே அவனுக்கு மாலையானால் உடம்பு கணகணவென்று சுடும், காலையில் தணிந்துவிடும். இருமல் விடவில்லை. ஓடி விளையாடிய பிள்ளை, அம்மாவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றான். ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று முறை ஆன்டிபயாடிக் சிரப்பை மாற்றிக் கொடுத்தார்கள். புகை பிடிக்கும் மெஷின் வைத்தார்கள். பல் முளைக்கிறது என்றேன் நான். கண் திருஷ்டி என்று என் மனைவி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மருமகள்தான் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, "மாமா, பதினஞ்சு மாசத்துல ஒம்போது கிலோ இருந்தான், இப்ப எட்டு எழுநூறுதான் இருக்கான்" என்றாள். வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே கவலைப்பட வேண்டும். இவனுக்கு இறங்கியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழந்தைகள் பிரிவில் ஒரு பெண் டாக்டர், என் மகளைவிட வயது குறைந்தவர். கேஸ் ஷீட்டை நிரப்பிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் பேனாவை நிறுத்திக் கேட்டார்.

"வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா? ரெண்டு வாரத்துக்கு மேல?"

நான், என் மனைவி, மகன், மருமகள் நால்வரும் நின்றிருந்தோம். நான்தான் குடும்பத்தலைவன் என்ற முறையில் பதில் சொன்னேன். "இல்லீங்கம்மா. யாருக்கும் இல்லை."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது மூன்று மாதமாக இருமல். ராத்திரியில்தான் அதிகம். எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமிவிட்டு வருவேன். நான்கு கிலோ எடை குறைந்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரன், கடற்கரைச் சாலையில் தினம் நடக்கிறேன், அதனால் இளைத்தேன் என்று நண்பர்களிடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். சர்க்கரை இருப்பவனுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாததால் பொய் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. அதனால்தான் குழாயைத் திறந்துவிட்டு இருமினேன்.

1971-ல் நான் எழுத்தராகச் சேர்ந்தபோது பழைய பதிவேடுகள் பலவும் பிரெஞ்சில்தான் இருந்தன. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால்தான் அந்த மேசையே எனக்குக் கிடைத்தது. தலைமை எழுத்தர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே, விவரம் இல்லையென்றால் 'நெயான்' என்று எழுது என்பது. 'ஒன்றுமில்லை' என்று பொருள். பிறகு ஆங்கிலத்தில் 'நில்' வந்தது, தமிழில் 'இல்லை' வந்தது. விசாரித்து எழுதிய 'நெயான்' எத்தனை, விசாரிக்காமல் எழுதிய 'நெயான்' எத்தனை என்று எங்களுக்குத்தான் தெரியும். அந்த டாக்டர் என் பேரனின் தாளில் 'இல்லை' என்று எழுதியபோது, என் கையாலேயே எழுதியதுபோல இருந்தது.

சிறு குழந்தைக்குக் காசநோயைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். பெரியவர்கள் காறித் துப்புவோம், அந்தச் சளியில் கிருமி தெரிந்துவிடும். ஐந்து ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சளியே கிடைத்தாலும் அதில் கிருமி மிகக் குறைவு. காசநோய் இருக்கும் குழந்தைகளில் 100-க்கு 15 பேருக்குக்கூட நுண்ணோக்கியில் கிருமி தெரிவதில்லை. அதனால் ராத்திரி முழுதும் விழுங்கிய சளி வயிற்றில் இருக்கும்போதே, விடிகாலையில் வெறும் வயிற்றில், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். என் பேரனுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் எடுத்தார்கள். மகனும் ஒரு நர்ஸும் பிடித்துக்கொண்டார்கள். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். அந்த அழுகையைப் பற்றி எழுதப் போவதில்லை.

அதைச் 'சிபிநாட்' என்ற மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும் மெஷின். இரண்டு நாளும் நெகட்டிவ்.

கையில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையும் செய்தார்கள். லேப் பையன் 'மான்டாக்ஸ்' என்றான். 1908-ல் இதைச் சொன்னவர் சார்ல் மான்ட்டூ என்ற பிரெஞ்சு டாக்டர் தம்பி, கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது என்று அந்த நேரத்திலும் திருத்தினேன். என் மனைவி முறைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது சிவப்பை அளக்க மாட்டார்கள், தடவிப் பார்த்துத் தடிப்பைத்தான் அளப்பார்கள். 10 மில்லிமீட்டர் இருந்தால் பாஸிட்டிவ். இவனுக்கு 16 இருந்தது. இதற்கு என்ன பொருள் என்றால், கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறது என்பது மட்டும்தான். நோயாக மாறிவிட்டதா என்று அந்தத் தடிப்பு சொல்லாது. சவலைப் பிள்ளைகளுக்கும் அம்மை போட்டு எழுந்த பிள்ளைகளுக்கும் நோய் இருந்தும் தடிப்பு வராமல் போகலாம். எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய் பக்கத்தில் நெறி கட்டியதுபோல ஒரு நிழல். அதையும் ஒரு டாக்டர் உண்டு என்பார், இன்னொருவர் இல்லை என்பார்.

டாக்டர் ஆறு மாத மருந்து தொடங்கலாம் என்றார். என் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு தடவை நெகட்டிவ்னு வந்துடுச்சே மேடம், அப்புறம் எதுக்கு ஆறு மாசம் மருந்து? ரத்த டெஸ்ட் எதாவது இருக்கா?" என்றான். ரத்தத்தில் பார்த்துச் சொல்கிறோம் என்று தனியார் லேப்களில் விற்ற காசநோய்ச் சோதனைகளை அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது, அவை நம்பத்தக்கவை அல்ல என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சார், இது வானத்திலேர்ந்து வராது. ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு யாரோ குடுத்திருக்காங்க. வீட்டில நாலு பேரும் நாளைக்கு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

நாற்பது வருடம் தபால் பதிவேடு பார்த்தவன் நான். தபால் வந்திருந்தால் அனுப்பியவர் ஒருவர் இருக்க வேண்டும். அன்று ராத்திரி தூக்கமில்லை.

மறுநாள் என் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பக்கம் வெள்ளையாக இருந்தது. சளியைக் கொடுத்தேன். அதே மெஷின். பாஸிட்டிவ்.

அன்று மாலையே பேரனுக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். குழந்தையின் வயிற்றில் குழாய் விட்டுத் தேடியும் கிடைக்காத சாட்சி என் நெஞ்சில் இருந்தது. ஐந்து நாள் அந்தக் குழந்தையைப் படுத்தியது தேவையே இல்லாமல் போயிருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். மருந்து கேட்காத கிருமியா என்று பார்க்கவும் அந்த மாதிரி வேண்டும். ஆனால் நான் முதல் நாளே "எனக்கு இருக்கும்மா" என்று சொல்லியிருந்தால் அந்த ஐந்து நாளும் மிச்சம். மாசியிலேயே நான் போய்ச் சளியைக் காட்டியிருந்தால்? வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், நோய் வராத சின்னப் பிள்ளைக்கும் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். அவனுக்கு நோயே வராமல் போயிருக்கக்கூடும். இந்தக் கணக்கை நான் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊசி போட்டாச்சே, தோளில் தழும்பு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். பி.சி.ஜி. (நாங்கள் பள்ளியில் 'பே-சே-ஜே' என்போம்) குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகக் காசநோய் வருவதையும், உடம்பு முழுதும் பரவுவதையும் பெருமளவு தடுக்கிறது. நுரையீரலில் வருவதை முழுதும் தடுப்பதில்லை. கால்மெத், கெரென் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் லீல் நகரத்தில் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கில் 13 வருடம், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921-ல் பாரிஸில் முதன்முதலாக அதைக் கொடுத்தது ஒரு பச்சைக் குழந்தைக்கு. அந்தக் குழந்தையின் தாய் பிரசவித்ததும் காசநோயால் இறந்துவிட்டாள். அதை வளர்க்கப் போகிற பாட்டிக்கும் காசநோய். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நூறு வருடத்துக்கு முன்பே அந்த டாக்டர்கள் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் பாட்டியைப் பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊரில் என்ன செய்தோம்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிள்ளை வளர்த்தவர்களுக்கு 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்ற சொல் நன்றாகத் தெரியும். ஒல்லியான பிள்ளை, அடிக்கடி சளி, சாப்பிட அடம், உடனே பிரைமரி காம்ப்ளக்ஸ். ஆறு மாதம் சிரப். என் மகளுக்கும் 1984-ல் கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று பயந்து ஓடினோம், அது மருந்தின் நிறம் என்றார்கள். அவளுக்கு உண்மையிலேயே இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். மருந்து எழுதிய யாரும் வீட்டில் எத்தனை பேர், யார் இருமுகிறார்கள் என்று கேட்டதில்லை. தெருவில் நான்கு பிள்ளைகளுக்கு வேண்டாத மருந்து போனது. வேண்டிய பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, திருஷ்டி, நிமோனியா என்று பெயர் மாறி மாறிக் காலம் போனது. இரண்டு தவறுக்கும் காரணம் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான் என்பது என் கருத்து.

காலம் போவது இந்த நோயில் சின்ன விஷயம் இல்லை. மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்துப் பதிவுகளைப் பார்த்தால், ஒரு வயதுக்குள் கிருமி தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது நோயாக மாறியிருக்கிறது. 2015-ல் உலகம் முழுதும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சுமார் 2,39,000 பேர் காசநோயால் இறந்தார்கள் என்று ஒரு கணக்கு. ஐந்தில் நான்கு பேர் ஐந்து வயதுக்குக் கீழே. அதில் 100-க்கு 96 பேருக்கு மருந்தே போய்ச் சேரவில்லை. மருந்து இல்லாமல் இல்லை, நம் அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. என்ன நோய் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. குழந்தையின் மலத்தையே அந்த மெஷினில் வைத்துப் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. விழுங்கிய சளி கடைசியில் அங்கேதானே வரும்! நோய் முற்றாத பிள்ளைகளுக்கு நான்கு மாத மருந்தே போதும் என்று 2022-ல் அறிவித்தார்கள். அதற்கான ஆராய்ச்சியில் சென்னைப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் எந்த மெஷின் வந்தாலும் குழந்தை விஷயத்தில் 'நெகட்டிவ்' என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எடை, காய்ச்சல், கைத்தடிப்பு, எக்ஸ்ரே, கூட இருப்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பாஸிட்டிவ் என்று தாள் வந்தால்தான் மருந்து என்று என் மகனைப்போல அடம் பிடிக்கும் பெற்றோர் நிறைய. படித்தவர்கள்தான் அதிகம் அடம் பிடிக்கிறார்கள்.

டாக்டர்களுக்கும் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்வியை நான்கு பேர் நிற்கும்போது பொதுவாகக் கேட்காதீர்கள். மாமனார் முன்னால் மருமகள் சொல்ல மாட்டாள். மருமகள் முன்னால் மாமனார் சொல்ல மாட்டார். தனித்தனியாகக் கேளுங்கள், கேட்டுவிட்டு நம்பாதீர்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வீட்டு ஆட்கள் மட்டும் இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, பகலில் விட்டுவிட்டுப் போகும் பக்கத்து வீடு, திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்து ஒரு மாதம் தங்கிய சித்தப்பா, எல்லோரும் கணக்கில் வர வேண்டும்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் என்மேல் வருத்தப்படலாம். ஏற்கெனவே வயதானவர்களை மூலையில் உட்கார வைக்கிறார்கள், நீ வேறு பேரப்பிள்ளையையும் கையில் கொடுக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறாயா என்று. நியாயமான வருத்தம். எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஓர் அத்தைக்கு 'எலும்புருக்கி' என்று பின்கட்டில் தனித்தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள். அவள் அங்கேயே செத்துப் போனாள். அந்த டம்ளர்தான் என் கண்முன் நின்றது. ஆனால் உண்மையில் நடந்தது வேறு. மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே நம்மிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நான் மாடி அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தேன், முகமூடி போட்டுக்கொண்டேன். தட்டையும் டம்ளரையும் யாரும் பிரிக்கவில்லை. அது தட்டில் பரவுகிற நோயும் இல்லை, காற்றில் பரவுவது. அந்தக் கோடையில் ஏ.சி. போட்டு, ஜன்னலைச் சாத்தி, பேரனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினேனே, அப்படித்தான் பரவியது.

மருமகள் மட்டும் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வில்லியனூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி வந்த மறுநாள் காலை, அவனுக்கு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளுக்கான மாத்திரை கரைந்துவிடும், பழவாசனை அடிக்கும். கரைத்துக் கொடுத்துவிட்டு மாடிப்படியில் நின்று, "மாமா, உங்க மாத்திரையும் இங்கயே இருக்கு, சேத்துப் போட்டுக்குங்க" என்றாள். அதன்பிறகு தினமும் இரண்டு பேருக்கும் ஒரே நேரம். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் விழுங்குகிறேனா என்று பார்ப்பான். ஆறாவது மாதம் அவன் எடை பதினொன்றைத் தாண்டியிருந்தது. இப்போது இரண்டாம் வகுப்பு, என்னைவிட வேகமாக மாடிப்படி ஏறுகிறான்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அவர் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "உனக்கா?" என்று மட்டும் கேட்டார். பேத்தி அப்போது அவர் மடியில்தான் இருந்தாள். அவரே எழுந்து போய் மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஸ்கூட்டரில் அழைத்துப் போகிறேன். இரண்டு டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, நன்றாக மூச்சை இழுத்து, எச்சிலாக இல்லாமல் நெஞ்சிலிருந்து வரும் சளியாக எடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது என்று கேட்டார். வாழ்நாள் சான்றிதழ் விஷயமாகக் கருவூலத்துக்குப் போவதாகச் சொல்லட்டுமா என்றார். வேண்டாம், உள்ளதையே சொல் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.